கையெழுத்துப் போடுவதா, வேலையை விடுவதா

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா பாருங்கள். தூத்துக்குடியில் சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு 4 வருடம் முன்பு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருக்கிறீர்கள். துறைமுகத்துப் பக்கம், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் கம்பெனியில் வேலை. மேலாளர் போனில் சொன்ன தாரிஃப் கோடை, அதாவது சரக்கின் வகையைக் குறிக்கும் சுங்க எண்ணைப் போட்டு ஒரு என்ட்ரி, சுங்கத்துக்கான அறிவிப்பு, அனுப்பினீர்கள். சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். கண்டெய்னர் நாள்கணக்கில் யார்டில் கிடந்து வாடகை ஏறிவிட்டது. இப்போது அவர், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். எல்லோர் முன்னாலும் கத்துகிறார், உங்கள் ஆங்கில உச்சரிப்பைப் பேசிக் காட்டிக் கேலி செய்கிறார், ஒரு வார்னிங் லெட்டரை நீட்டி திங்கள்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார். கையெழுத்துப் போடுவதா, வேலையை விடுவதா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவரும் தமிழ்க் குடும்பம்தான், அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்." உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. பொறுத்துக்கொண்டால் நான் கோழையா, பொறுக்காவிட்டால் அவசரக்காரனா என்பதுதான் நீங்கள் கேட்கிற கேள்வி. கடிதத்தைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். மற்றதற்கு என்னிடம் இருப்பது அனுபவம் மட்டும்தான்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிக்காரி, 1998ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் 17 வருடம் இருந்தேன். இப்போது சிறு கம்பெனிகள் ஒழுங்கு விசாரணை வைக்கும்போது வெளியிலிருந்து வந்து தலைமை தாங்குகிற வேலை. அதாவது மேலாளர்கள் சொல்வதையும் கேட்பேன், மாட்டிக்கொண்டவர்கள் சொல்வதையும் கேட்பேன். வக்கீல் அல்ல. விசா விஷயத்தில் என் பேச்சை நம்பாதீர்கள், அது குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடம் காசு கொடுத்துக் கேட்க வேண்டியது. வேலையை விடுவதைப் பற்றி நினைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சில விசாக்கள் கம்பெனியோடு கட்டப்பட்டவை.

முதலில் கடிதம். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தக் கையெழுத்துக்கு வழக்கமான அர்த்தம், கடிதம் கைக்கு வந்தது என்பதுதான். நீங்கள் மறுத்தாலும் ஒன்றும் நின்றுவிடாது. பக்கத்து மேசைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, கொடுத்தோம், வாங்க மறுத்தார் என்று சாட்சிக் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்துவிடுவார்கள். மறுத்தவர் முரடர் என்ற பெயர்தான் மிச்சம். ஆனால் கையெழுத்துக்கு மேலே அச்சிட்டிருக்கும் வாசகத்தைப் படியுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தால் கவலை இல்லை. "தவறை ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் உங்கள் முதலெழுத்தைப் போடுங்கள். எச்சரிக்கை எத்தனை மாதம் செல்லும் என்பது கம்பெனியின் சொந்த விதியைப் பொறுத்தது. நான் பார்த்தவரை பெரும்பாலும் 6 மாதம் அல்லது 12 மாதம். அதற்குள் இதே மாதிரி இன்னொன்று நடந்தால் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து மேசையில் வைப்பார்கள். அதனால் இதை அலட்சியமாக விடவும் கூடாது.

கடிதம் அநியாயமானது என்று நினைத்தால் முதலில் கம்பெனிக்குள்ளேயே எழுத்தில் குறை மனு கொடுக்கலாம். அது சரிப்படாவிட்டால், 1995ஆம் வருடத்துத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 186ஆம் பிரிவு, வேலைநீக்கம் வரை போகாத ஒழுங்கு நடவடிக்கையும் நியாயமற்றதாக இருக்க முடியும் என்று ஒத்துக்கொள்கிறது. அதை 90 நாளுக்குள் சி.சி.எம்.ஏ.வுக்கு, அதாவது சமரச ஆணையத்துக்கு எடுத்துப்போகலாம். வேலைநீக்கமாக இருந்தால் 30 நாள்தான். கட்டணம் கிடையாது, டர்பனிலேயே அலுவலகம் இருக்கிறது, மனுவை நீங்களே நிரப்பலாம். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சாலைச் சரக்குப் போக்குவரத்துக்கும் லாஜிஸ்டிக்ஸுக்கும் தனியாக ஒரு பேரக் குழு, அதாவது முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பு, இருக்கிறது. உங்கள் கம்பெனி அதில் அடங்கினால் மனு அங்கேதான் போக வேண்டும். வெறும் கிளியரிங் வேலை மட்டும் பார்க்கிற கம்பெனியா, லாரியும் ஓட்டுகிற கம்பெனியா என்பதைப் பொறுத்து இது மாறும். உங்கள் சம்பளச் சீட்டில் பேரக் குழுவுக்கென்று ஏதாவது பிடித்தம் இருக்கிறதா பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். இந்த நாட்டுக்காரன் இல்லையே, என் மனுவை வாங்குவார்களா என்று தயங்க வேண்டாம். செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் வேலை பார்த்த வெளிநாட்டவருக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2008லேயே தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் அனுமதியே இருக்கிறது.

உச்சரிப்புக் கேலி தனி விஷயம், அதை இந்தக் கடிதத்தோடு குழப்ப வேண்டாம். 2022 மார்ச் 18 முதல் வேலையிடத் துன்புறுத்தல் பற்றிய நடத்தை விதித்தொகுப்பு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. மிரட்டி உருட்டுவதும் அதில் வருகிறது. ஆனால் அது வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. இனம், மொழி, பிறப்பு, சமூகப் பின்னணி போன்ற ஒரு காரணத்தோடு அந்த நடத்தை ஒட்டியிருக்க வேண்டும். எல்லோரிடமும் கத்துகிற மேலாளர் உங்களிடமும் கத்தினார் என்றால் இந்த வழியில் ஜெயிப்பது சந்தேகம்தான். உங்கள் பேச்சை, ஊரைச் சொல்லிக் கேலி செய்தார் என்றால் நிலைமை வேறு. அதை நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லியும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் கம்பெனியே பொறுப்பாகலாம். என்ன வார்த்தை சொன்னார், எப்போது, யார் கூட இருந்தார்கள் என்பது உங்களிடம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது ராஜினாமா. இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், மன்னியுங்கள். "அவமானப்படுத்தி விரட்டினார்கள், அதுவும் வேலைநீக்கம்தானே" என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படி ஒன்றை ஒத்துக்கொள்கிறது, உண்மைதான். வேலையில் நீடிக்கவே முடியாத நிலையை முதலாளி உண்டாக்கி, அதனால் தொழிலாளி விலகினால் அதை வேலைநீக்கமாகவே பார்க்கும். ஆனால் அதை நிரூபிக்கிற சுமை முழுக்க உங்கள் தலையில். சகிக்க முடியவில்லை என்பது போதாது, வேறு எந்த வழியும் மிச்சமில்லை என்று காட்ட வேண்டும். குறை மனு கொடுத்தாயா என்பதுதான் அங்கே எழும் முதல் கேள்வி. கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. ஜெயித்தாலும் நஷ்டஈடு அதிகபட்சம் 12 மாதச் சம்பளம், விசேஷக் காரணங்கள் இருந்தால் 24. சாதாரணமாக விலகினால் வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்தும் பணம் வராது. ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருப்பதால் 4 வார நோட்டீஸும் கொடுக்க வேண்டும். அந்த 4 வாரமும் அதே மனிதர் முன்னால்தான் உட்கார வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எச்.ஆரில் சேர்ந்து மூன்றாவது வருடம், தையல் பிரிவிலிருந்து ஓர் அக்கா வந்தார். சூப்பர்வைசர் தினமும் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார், கழிப்பறைக்குப் போனால்கூட நேரம் குறிக்கிறார் என்றார். கையில் ஒரு தாள், பென்சிலால் எழுதியிருந்தார். நான் அந்தத் தாளை வாங்கவில்லை. "இதெல்லாம் எழுத்தில் வேண்டாம்க்கா, பெரிசாகிவிடும், நான் அவரிடம் பேசுகிறேன்" என்று திருப்பிக் கொடுத்தேன். பேசவும் பேசினேன். இரண்டு வாரம் அடங்கியிருந்தார், பிறகு முன்பைவிட மோசம். அந்த அக்கா ஒருநாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வழக்குப் போட்டார், தோற்றார். கம்பெனியிடம் ஒரு புகார்கூட எழுத்தில் இல்லை என்பதுதான் காரணம். கம்பெனி சார்பில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது நான். எழுத்தில் இல்லை என்று அதிகாரி வாசித்தபோது அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேலாகிறது, அந்தப் பார்வை போகவில்லை. நான் வாயைத் திறந்து அன்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் தாள், பிறகு கோபம் என்கிறேன். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1894ல் இதே டர்பனில், பாலசுந்தரம் என்ற தமிழர், ஒப்பந்தக் கூலி, எஜமானிடம் அடிபட்டு முன்பற்கள் இரண்டு உடைந்து, ரத்தம் ஒழுக காந்தி முன்னால் வந்து நின்றார். காந்தி அப்போது இளம் வக்கீல், கடையைத் திறந்தே சில மாதம்தான். அவர் முதலில் செய்தது, அந்த மனிதரை டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கியது. அப்புறம்தான் மாஜிஸ்திரேட்டிடம் போனார். எஜமானுக்குச் சம்மன் போயிற்று. காந்தி நினைத்திருந்தால் தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் பாலசுந்தரத்துக்கு வேண்டியது அந்த எஜமானிடமிருந்து விடுதலை. அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கூலி சொல்லாமல் போனால் சிறை. ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம் அல்லது வேறொருவருக்கு மாற்றலாம், அவ்வளவுதான் வழி. எஜமானைப் போய்ப் பார்த்து, உங்களைத் தண்டிக்க எனக்கு ஆசையில்லை, இவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று பேசி முடித்தார். கையில் தாள் இருந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு எஜமான் செவி கொடுத்தார் என்பது என் கணிப்பு.

உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது அதுதான். உங்களுக்கு என்ன வேண்டும்? கடிதம் ஃபைலிலிருந்து போக வேண்டுமா, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, வேறு மேலாளர் வேண்டுமா, அல்லது ஆறு மாதத்தில் வேறு வேலை தேடிக்கொள்ளும்வரை நிம்மதியாக விட்டால் போதுமா? நான்கும் வேண்டும் என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மன்னிப்புக் கேட்கவைத்த வழக்கு என் கண்ணில் அபூர்வமாகத்தான் பட்டிருக்கிறது. அப்படிக் கேட்ட மன்னிப்புகளும் மேசைக்கு எதிரில் முணுமுணுத்தவைதான். கடிதத்தின் கடுமையைக் குறைப்பதும், வேறு பிரிவுக்கு மாற்றுவதும் எத்தனையோ முறை நடந்திருக்கிறது.

சரி, தாள் என்றேனே, என்ன தாள். ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் இருந்தார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள். அன்றன்றே, கையால். உங்கள் மன வருத்தத்தை அதில் எழுதாதீர்கள், அதற்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். விசாரணையில் இந்த நோட்டை எதிர்த்தரப்பும் படிக்கும். அந்தக் கோடு விஷயத்தில் அவர் உங்களைப் போனில் கூப்பிட்ட நேரம் உங்கள் போனிலேயே இருக்கும், படம் எடுத்து வையுங்கள். என்ட்ரி அனுப்பிய நேரம் சிஸ்டத்தில் இருக்கும். போன் 10.40க்கு, என்ட்ரி 10.52க்கு என்றால் அதுவே ஒரு கதை சொல்லும், முழு நிரூபணம் ஆகாவிட்டாலும். ஆனால் ஒன்று: கம்பெனி ஆவணங்களை, வாடிக்கையாளர் இன்வாய்ஸ்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். சும்மா இருந்த எச்சரிக்கை விசாரணையாக மாறுவது பெரும்பாலும் இதனால்தான். இன்ன ஃபைலில் இன்ன ஆவணம் இருக்கிறது என்று குறித்து வைத்தால் போதும், பிறகு முறைப்படி கேட்டு வாங்கலாம். ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்களும் கலந்துகொள்கிற உரையாடலை நீங்கள் பதிவு செய்வதை இந்த நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. செய்யலாம். ஆனால் தெரிந்த அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் யாரும் உங்கள் முன் வாய் திறக்க மாட்டார்கள், உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உட்பட. நான் அதைக் கடைசிக்கு வைப்பேன்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத பகுதி. "அந்தக் கோடு தப்பு என்று எனக்கு அப்போதே சந்தேகம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் இருந்தும் போட்டீர்கள். விசாரணையில் நான் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். அவர் சொன்னார், நான் செய்தேன் என்பது பாதிப் பதில். தூத்துக்குடி அனுபவத்தோடு வந்தவர், கோடு தெரிந்தவர், ஏன் ஒரு வரி கேட்கவில்லை? உங்கள் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்த ஊர்க்காரிதான். பெரியவர் சொன்னால் எதிர்த்துக் கேட்பது மரியாதையில்லை. கேட்டால் "உனக்குத்தான் எல்லாம் தெரியுமோ" என்பார். வேலை போய்விடும், விசா போய்விடும். எல்லாம் சரி. ஆனால் எதிர்ப்பதற்கும் தெளிவுபடுத்திக்கொள்வதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, நாம் அந்த இடத்தைப் பயன்படுத்துவதே இல்லை. போன் வைத்த உடனே இரண்டு வரி மின்னஞ்சல்: "இப்போது போனில் நீங்கள் சொன்ன கோடில் இந்த என்ட்ரியைத் தயார் செய்துவிட்டேன். சரக்கின் விவரத்தைப் பார்த்தால் வேறொரு கோடு பொருந்துமோ என்று எனக்குத் தோன்றுகிறது. 11 மணிக்கு அனுப்ப வேண்டும், எதில் போடட்டும்?" இதில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. பதில் வந்தால் தாள் கிடைத்தது. வராவிட்டாலும் கேட்ட தாள் இருக்கிறது. முதல் தடவை அனுப்பும்போது கை நடுங்கும். பத்தாவது தடவை அது வேலையின் ஒரு பகுதியாகிவிடும், அவரும் போனில் கண்டபடி சொல்வதைக் குறைத்துக்கொள்வார். எல்லா மேலாளரும் திருந்துவார்கள் என்று சொல்லவில்லை. மின்னஞ்சலைப் பார்த்து இன்னும் எரிச்சலானவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குறை மனுவிலும் இதை மறைக்காதீர்கள். எனக்குச் சந்தேகம் இருந்தது, எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அது என் பங்கு என்று நீங்களே ஒரு வரி எழுதிவிட்டு, மீதியைச் சொல்லுங்கள். தன் பங்கை ஒத்துக்கொள்கிறவரின் மற்ற வார்த்தைகளை நம்பத் தோன்றும். குறைந்தது எனக்குத் தோன்றும்.

அப்புறம் அந்த "அண்ணே". இதை எழுதலாமா என்று யோசித்தேன். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. உங்கள் மேலாளரின் குடும்பம் வந்து நான்கு ஐந்து தலைமுறை ஆகியிருக்கும். அவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், புரட்டாசியில் கறி தொடமாட்டார், ஆனால் வீட்டில் பேசுவது ஆங்கிலம். பாட்டியை ஆயா என்பார், பெரியவர்களை அங்கிள் என்பார். நீங்கள் அண்ணே என்று கூப்பிட்டபோது உங்கள் மனதில் ஒரு கணக்கு எழுதினீர்கள்: இவர் நம்மாள், நமக்கு ஒன்று என்றால் நிற்பார். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. சில சமயம் உள்ளூர்க்காரர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் ஒரு கசப்பும் உண்டு, தங்கள் பிள்ளைகளின் வேலைக்குப் போட்டியாக வந்தவர்கள் என்று. அதை நான் கல்யாண வீடுகளிலேயே கேட்டிருக்கிறேன், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை மறந்து அவர்கள் பேசும்போது. அவர் செய்தது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. பொய் சொன்னது பொய்தான். ஆனால் உங்கள் வலியில் பாதி மேலாளர் கொடுத்தது, மீதி அண்ணன் கொடுத்தது. அண்ணன் என்று ஒருவர் அங்கே இருக்கவே இல்லை. அதற்காக வேறு பெயரில் கூப்பிட வேண்டும் என்றில்லை, கூப்பிடுங்கள், கணக்கை மட்டும் எழுதாதீர்கள்.

கோழையா என்று கேட்டீர்களே. பாலசுந்தரம் காந்தி முன்னால் வந்தபோது தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். வெள்ளைக்காரர் முன் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள், இந்திய வக்கீல் முன்னாலும் கை அதையே செய்தது. கட்டிக்கொள் என்று காந்தி சொன்ன பிறகு தயங்கித் தயங்கித்தான் கட்டினார். என் மாமியாரின் ஆயா கரும்புத் தோட்டத்தில் சர்தாருக்கு, அதாவது கூலிகளை மேய்க்கும் மேஸ்திரிக்கு, பயந்து வாழ்ந்தவர். மாமியார் கடைசிவரை வங்கியில் கவுன்டருக்கு முன்னால் நிற்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். உங்கள் வாய் அன்று ஏன் திறக்கவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். மூடியிருக்கக் கற்றுக்கொண்ட வாய் அது. திறக்கவும் கற்றுக்கொள்ளலாம், ஒரே நாளில் கர்ஜிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை எல்லோர் முன்னாலும் கத்தினால், "இதை உங்கள் அறையில் பேசலாம், நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நகர முடிந்தால் இந்த வருடத்துக்கு அது போதும். வீட்டில் கண்ணாடி முன்னால் ஆங்கிலத்தில் நாலு தடவை சொல்லிப் பாருங்கள், நான் செய்திருக்கிறேன், வெட்கமில்லை. தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள். சாட்சிக்கு இன்னொரு தாள் சேர்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

திங்கள்கிழமைக்கு வருவோம். கடிதத்தை வாங்கி நிதானமாகப் படியுங்கள். கையெழுத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் சின்னதாக எழுதுங்கள்: பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை, குறை மனு தனியாகத் தருகிறேன். தேதியும் நேரமும் போடுங்கள், 90 நாளை அந்தக் கடிதம் கையில் வந்த நாளிலிருந்து காலண்டரில் குறியுங்கள். சட்டத் திருத்தப் பேச்சு இங்கே அடிக்கடி எழும், அதனால் நாள் கணக்கை ஆணையத்தின் அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். ஒரு நகல் கேளுங்கள். தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், கேட்டேன், மறுத்தார் என்று அன்று இரவே நோட்டில் எழுதி வையுங்கள்.